கீரை பச்சையாக இருந்தால் போதுமா?



போன வருஷம் அம்மாவுக்கு இரத்தச் சோதனை எடுத்தார்கள். "இரத்தம் கம்மியா இருக்கு. மாத்திரை சாப்பிடுங்க, கீரை நிறைய சேர்த்துக்குங்க" என்று கிளினிக்கில் சொன்னார்கள். இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு இரத்தச்சோகை.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே எங்கள் வட்டார இளைஞர்கள் தண்டுக்கீரையும் கங்கோங்கும் போடுகிறோம். கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தது போக, மீதியை வீட்டுக்கு எடுத்துப்போவோம். அம்மாவுக்கு நிறைய கீரை வேண்டுமே என்று நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். ஒரு பிடி யூரியா போட வேண்டிய இடத்தில் மூன்று பிடி போட்டேன். மூன்றே வாரத்தில் இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்! படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு எல்லாரிடமும் பாராட்டு வாங்கினேன்.

பாட்டி மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "என்னடா கீரை இது, தண்ணியா இருக்கு? மண்ணுல என்னத்தைக் கொட்டுன?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் வேதிப் பொறியியல் படிக்கிறவன், பதில் தெரியாமல் விட முடியுமா? தேடிப் படித்தேன். பாட்டி சொன்னதில் விஷயம் இருந்தது. படித்ததைத்தான் இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. எடை கூடினால் சத்தும் கூடுமா?

எங்கள் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது பொருள் சமநிலை: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு. அதைக் கீரைப் பாத்திக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். இலையை வளர்ப்பது அதுதான். ஆனால் யூரியாவில் இரும்பு இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லை, துத்தநாகம் இல்லை. அவற்றை வேர் மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாத்தி ஒரு கிலோ கீரை தருகிறது, அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூரியா போட்டதும் விளைச்சல் இரண்டு கிலோ ஆகிறது. ஆனால் வேர் எடுத்த இரும்பு 24 மில்லிகிராம்தான். மொத்தம் கூடியிருக்கிறது, சரிதான். ஆனால் ஒரு கிலோவுக்கு 12 மில்லிகிராம்தானே வருகிறது! அம்மா சாப்பிடுவது பாத்தி முழுவதையும் இல்லை, ஒரு கிண்ணம்தான். இதை ஆய்வாளர்கள் 'நீர்த்துப்போதல்' என்கிறார்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பேருக்குப் பரிமாறுவது மாதிரிதான்.

இதற்குக் காரணம் உரம் மட்டும் இல்லை, விதையும்தான். அமெரிக்காவில் டொனால்ட் டேவிஸும் அவருடைய குழுவினரும் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999ஆம் ஆண்டுச் சத்துக் கணக்குகளை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். சராசரியாகச் சுண்ணாம்புச் சத்து 16, இரும்பு 15, வைட்டமின் சி 20 விழுக்காடு குறைந்திருந்தது. அதிக விளைச்சலுக்காகவே தேர்ந்தெடுத்த விதை வகைகள்தான் இதற்கு முக்கியக் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து.

2. நைட்ரஜன் மிஞ்சினால் என்ன ஆகும்?

செடி வைட்டமின் சியைச் சர்க்கரையிலிருந்து செய்கிறது. நைட்ரஜன் ஏராளமாகக் கிடைத்தால், அந்தச் சர்க்கரை புரதம் கட்டவும் இலை வளர்க்கவும் போய்விடுகிறது. அதனால் நைட்ரஜன் கூடினால் பல காய்கறிகளில் வைட்டமின் சி குறைகிறது. கரோட்டின் கூடுவதும் உண்டு. எல்லாமே நஷ்டம் என்று சொல்லக்கூடாது. ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுவதே வைட்டமின் சிதான். அம்மாவுக்கு எது தேவையோ, அதையே நான் குறைத்திருக்கிறேன்!

இன்னொன்று நைட்ரேட். வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற வெயில் வேண்டும். எங்கள் பாத்தியிலோ பாதி நாள் கட்டடத்தின் நிழல். வெயில் குறைந்து உரம் மிஞ்சினால் நைட்ரேட் இலையிலேயே தங்கிவிடும். பெரியவர்கள் இதற்காகக் கீரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீரையால் வரும் நன்மையே அதிகம். கைக்குழந்தைகள் விஷயத்தில்தான் கவனம் தேவை.

3. அப்படியென்றால் சாணிதான் நல்லதா?

இந்தக் கேள்வியை நம் தமிழ்நாட்டிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அதே கோவையில் வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விஸ்வநாத்தும், குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்த இராபர்ட் மெக்கரிசனும் சேர்ந்து 1926இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழு உரத்தில் விளைந்த தானியம், இரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்தானது என்பது அவர்கள் முடிவு. குன்னூரில் மெக்கரிசன் தொடங்கிய அந்த ஆய்வுப் பணிதான் பிறகு ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமைக்காக உண்மையை வளைக்கக்கூடாது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே முடிவு வரவில்லை. சாணியிலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும், வேருக்குள் போகும் நைட்ரேட் ஒன்றேதான். கோழி எருவை அள்ளிக் கொட்டினாலும் நைட்ரஜன் மிஞ்சத்தான் செய்யும். தொழு உரத்தின் பலம் வேறு: மெதுவாகக் கரையும், பலவகைத் தாதுக்களைச் சேர்த்துத் தரும், மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

இரசாயன உரத்தால் சத்து கூடிய கதையும் உண்டு. பின்லாந்து மண்ணில் செலினியம் குறைவு. 1984இல் அந்த நாட்டு அரசு உரத்திலேயே செலினியம் கலக்க முடிவெடுத்தது. மக்கள் சாப்பாட்டில் செலினியம் கூடியது. துருக்கியில் துத்தநாகம் குறைந்த கோதுமை வயல்களுக்குத் துத்தநாக உரம் போட்டபோது, விளைச்சலும் கூடியது, மணியில் துத்தநாகமும் கூடியது. ஆகவே எது குறைகிறதோ அதைக் கொடுப்பதுதான் முறை. இருப்பதையே திரும்பத் திரும்பக் கொட்டுவது முறை இல்லை.

4. நாங்கள் மாற்றிக்கொண்டவை

- தனி யூரியாவை நிறுத்தினோம். நன்றாக மக்கிய எருவை அடியுரமாகப் போட்டு, பிறகு பாக்கெட்டில் எழுதிய அளவுக்கு மட்டும் என்பிகே 15:15:15 போடுகிறோம். இதில் உள்ள பொட்டாசியம் வைட்டமின் சிக்கும் நல்லது.
- பச்சைக் கோழி எரு போடுவதில்லை. அதில் நோய்க்கிருமி இருக்கலாம்.
- அறுவடைக்கு முன் கடைசி நாட்களில் உரம் இல்லை. வெயில் பட்ட பிறகு, சாயங்காலம் பறிக்கிறோம். அப்போது இலையில் நைட்ரேட் குறைவாக இருக்கும்.
- பாத்தியை வெயில் விழும் பக்கம் நகர்த்தினோம்.
- பறித்த அன்றே சமைக்கிறோம். வைத்திருக்க வைத்திருக்க வைட்டமின் சி குறையும்.
- இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறோம். சாப்பாட்டோடு தேத்தாரே வேண்டாம்; தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. இந்த ஒன்றுக்குத்தான் வீட்டில் பெரிய போராட்டம்!

இப்போது இலை சின்னது, கட்டும் குறைவு. வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் பாராட்ட மாட்டார்கள். அம்மாவின் இரத்த அளவு ஏறியிருக்கிறது. அதற்கு மாத்திரைதான் முதல் காரணம் என்று எனக்குத் தெரியும். அதனால் யாரும் கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாட்டி மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதுதாண்டா கீரை" என்றார்.

அன்னதானம் என்று ஒருவர் தட்டில் நாம் வைப்பது எடை மட்டும் இல்லையே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நான் யூரியா மூட்டையில் கற்றேன்.

இந்த மாதப் பயிற்சி: வீட்டில் ஒரே கீரையை இரண்டு தொட்டியில் போடுங்கள். ஒன்றுக்குச் சரியான அளவு உரம், இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு. ஒரே நாளில் பறித்து, 100 கிராம் வீதம் எடுத்து, வெயிலில் சருகாகக் காயவைத்து எடை போடுங்கள். எது அதிகம் நிற்கிறது, எது வெறும் தண்ணீராகப் போகிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.