சுட்டிகளைக் குறை, ஷரத்துகளைச் சேர்

அன்புள்ள தம்பிக்கு,

பதிப்பகங்களின் உரிம ஒப்பந்தங்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பதையெல்லாம் உன் கல்லூரி நூலகத்துக்காகத் தொகுத்து வருவதாக எழுதியிருந்தாய். சுட்டிகள் மளமளவென்று சேர்கின்றனவாம். எனக்கு அதுதான் கவலை. பாதிக்கு மேல் கருத்துரைகளாக இருக்கும். முதலில் ஒப்பந்தங்களின் மூல வாசகத்தைத் தேடு.

அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நம் அலமாரியில் இருக்கும். மின்னிதழோ வாடகை வீடு. ஆணி அடிக்கலாமா என்பதைக்கூடப் பத்திரம்தான் சொல்லும். "அனுமதி பெற்ற பயனர்" யார் என்ற வரையறையை எடுத்துக்கொள். நிரந்தர ஆசிரியர், மாணவர் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் கௌரவ விரிவுரையாளர் எந்தக் கணக்கில் வருவார்? ஆய்வை முடிக்காத பழைய மாணவர் நூலகத்துக்கே வந்து படிக்கலாமா? சந்தா நின்றபின், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நமக்கு உண்டா? உண்டென்றால் எங்கே போய்ப் படிப்பது: பதிப்பகத்தின் தளத்திலா, போர்ட்டிகோ போன்ற காப்பகத்திலா? இதற்கெல்லாம் வாசகம் காட்டும் பக்கம்தான் உன் பட்டியலில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் 1990களில் ஆன் ஓக்கர்சன் தொடங்கிய லிப்லைசென்ஸ் தளத்தைப் படி. நூலகத்துக்குச் சாதகமான வாசகம், பாதகமான வாசகம் இரண்டையும் ஷரத்து வாரியாக எடுத்துக் காட்டியது அது. மாதிரி ஒப்பந்தமும் உண்டு, 2014-இல் திருத்தியது. அதில் செயற்கை நுண்ணறிவைப் பற்றித் தேடாதே. அதைப் பற்றிய ஷரத்துச் சண்டை பிறகு வந்தது. உன் பட்டியலில் ஒவ்வொரு சுட்டிக்கும் ஆண்டைக் குறி என்று சொல்வது இதனால்தான்.

சிறு பதிப்பகங்களுக்கு, தகவல் தர நிர்ணய அமைப்பான நைசோவின் செரு போதும். தனி ஒப்பந்தமே இல்லாமல் இரு தரப்பும் ஏற்கும் பொதுப் புரிந்துணர்வு அது. கட்டுரை வெளியிடும் கட்டணத்தையும் சேர்த்துப் பேசும் ஒப்பந்தங்களுக்கு, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மின்னூலகம் நடத்தும் ஈசாக் பதிவேட்டைப் பார். விலை விவரம் அபூர்வம். ரகசியக் காப்பு ஷரத்து வாயைக் கட்டிவிடும். அப்படிப்பட்ட ஷரத்துக்கு இனிக் கையெழுத்திடுவதில்லை என்று கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. எனக்குப் பிடித்த முடிவு.

வெளிநாட்டுப் பக்கங்களிலிருந்து எடுப்பதை அப்படியே இங்கே பொருத்திவிடாதே. அமெரிக்கப் பக்கங்கள் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107, 108-ஆம் பிரிவுகளை நம்பிப் பேசும். நமக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வழக்கு எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த ஊரில் நடக்கும் என்ற ஷரத்தையும் விடாமல் பார்.

மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பாய். 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. உன்னுடையது அரசுக் கல்லூரி என்பதால் அந்த ஒப்பந்தங்கள் கையெழுத்துக்கு உன்னிடம் வராது. ஆனால் "இதை வகுப்புக்கு நகலெடுத்துத் தரலாமா?" என்று ஆசிரியர் உன் மேசைக்குத்தான் வருவார்.

ஆகவே ஒவ்வொரு சுட்டிக்கும் எழுதியவர் நூலகமா பதிப்பகமா, எந்த ஆண்டு, எந்த நாட்டுச் சட்டம், எந்த ஷரத்துக்கு உதவும் என்று எழுது. இதை எழுத முடியாத சுட்டியை நீக்கிவிடு. மிஞ்சுவதை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்