குன்னூருக்கு மேட்ச் பார்க்கப் போறியா கண்ணு?

கோவையில உங்க காலேஜ் கோர்ட்ல நீ கத்துற கத்து எனக்குத் தெரியும். அதே தொண்டையை நம்பி மலையேறாதே. கோவை கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850. காத்தும் மெல்லிசு, குளிரும் வேற. கோவை, நீலகிரி ரெண்டுக்கும் பாரதியார் பல்கலைக்கழகம்தான், அதனால பேஸ்கட் பால் மேட்ச்னா என்னைக்காவது நீ மேல போய்த்தான் ஆகணும். போறதுக்கு முன்னாடி இதைப் படி.

1. மலை ரயில் ஆசையை இன்னைக்கு விட்டுரு. மேட்டுப்பாளையத்துல காலையில 7 மணிக்கு மேல கிளம்பி, குன்னூர் சேரவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். டிக்கெட்டும் லேசுல கிடைக்காது. வேன் பிடிச்சா இ-பாஸ் எடுக்கணும். கவர்மென்ட் பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2. பஸ்ல முன் சீட்டு பிடி. 14 கொண்டை ஊசி வளைவு! மேட்டுப்பாளையத்துலயே பாட ஆரம்பிச்ச கூட்டம் பர்லியார் வர்றதுக்குள்ள ரெண்டாப் பிரியும்: தொண்டை கட்டினவங்க, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு இருக்கிறவங்க. ரெண்டு பேரும் மேட்ச்சுக்கு உதவ மாட்டாங்க.

3. பிளாஸ்டிக் வேண்டாம். தண்ணி பாட்டில் மட்டுமில்லை, ஆட்டுறதுக்குன்னு வாங்கி வச்சிருக்கியே பளபளன்னு பிளாஸ்டிக் குஞ்சம், அதையும் வீட்டுலயே வை. சோதனையில பிடுங்கினாலும் பிடுங்கிருவாங்க. எவர்சில்வர் பாட்டில்ல வெந்நீர் போதும், தொண்டைக்கும் நல்லது.

4. ஜெர்சியை ஸ்வெட்டருக்கு மேலே போடு. அழகா இருக்குன்னு வெறும் ஜெர்சியோட போன பிள்ளைங்க, கலரை மறைச்சு யாரோ கொடுத்த சால்வையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கேன். சிமென்ட் படி ஐஸ் மாதிரி இருக்கும், பழைய பேப்பர் ரெண்டு எடுத்துக்கோ. திறந்தவெளி கோர்ட்னா குடை வேண்டாம், பின்னாடி இருக்கிறவங்க திட்டுவாங்க. ரெயின்கோட் எடு.

5. விசில் அடிக்கவே கூடாது. இது நான் பட்ட பாடு. வெளியூர் மேட்ச் ஒண்ணுல, எங்க பொண்ணு பந்தோட தனியா லே-அப்புக்கு ஓடுறா. எங்க ஆளு ஒருத்தன் ஆர்வத்துல 'பீப்'புன்னு ஊதிட்டான். ரெஃப்ரின்னு நினைச்சு அவ நின்னுட்டா. எதிர்ப் பொண்ணு பந்தைப் பிடுங்கி, அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் போட்டுட்டா. திரும்பி வர்ற பஸ்ல ஒருத்தரும் அவன்கிட்ட பேசலை.

6. அவங்க ஆளு ஃப்ரீ த்ரோ போடும்போது கத்து, பரவாயில்லை. ஆனா நிறம், உடம்பு, 'தோட்டத்துக்காரி' – இதெல்லாம் வாயில வரக் கூடாது. பக்கத்துப் படியில ரப்பர் செருப்போட உட்கார்ந்திருக்கிற அம்மா, தேயிலைத் தோட்டத்துல அரை நாள் கூலியை விட்டுட்டு மகளைப் பார்க்க வந்தவங்களா இருக்கும்.

இன்னொண்ணு. இந்த ஆட்டம் 1891-ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்கிற ஊர்ல பொறந்தது. குன்னூர்லயும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கு, பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி அங்கேதான். 'பேஸ்கட் பால் எங்க ஊர்லதான் பொறந்துச்சு'ன்னு யாராவது பீத்தினா சிரிச்சுட்டு விட்டுரு.

7. தொண்டையைச் சேர்த்து வை. பத்துப் பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர். முதல் ரெண்டுல கை தட்டினா போதும். ஸ்கோர் போர்டுல டீம் ஃபவுலைப் பாரு. ஒரு குவார்ட்டர்ல எதிரணிக்கு நாலு ஏறிடுச்சா, அஞ்சாவதுல இருந்து நம்மாளுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. அவங்க தொடவே பயப்படுவாங்க. கடைசிக் குவார்ட்டர்ல அந்த நேரம் வந்தா கத்து, கோத்தகிரி வரைக்கும் கேட்கட்டும்!

8. இறங்கின உடனேயே கண்டக்டர் அண்ணன்கிட்ட கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கோ. ராத்திரி மூடுபனி இறங்கினா வண்டி ஊர்ந்துதான் வரும். ஓவர் டைம் போனா, பார்த்து முடிக்கணும்னு அடம் பிடிக்காதே.

9. பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரியில வர்க்கி வாங்கு. பைக்குள்ள அமுக்காதே, நொறுங்கிரும். மடியில வச்சுக்கோ. எனக்கு அரைக் கிலோ.