வனத்தில் விருந்தினர்

காட்டின் அழகை விரும்பிச் செல்வோரால் காட்டிற்குத் தீங்கு நேருமோ? நேரும் என்பதை அமெரிக்க நாட்டுப் பெருவனம் ஒன்றின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கோடியில் ஆரிகன் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே 3,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பனிமுடி தரித்து நிற்கும் மலை மவுண்ட் ஹுட். அம்மலையைச் சூழ்ந்து, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது மவுண்ட் ஹுட் தேசிய வனம். வானளாவிய ஊசியிலை மரங்களும், பாறைகளினின்று வீழும் அருவிகளும் நிறைந்த அவ்வனம் நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுச் சொத்து. அதைப் பேணுவது மத்திய அரசின் வனத்துறை.

இம்மலைக் காட்டில் பிறந்து, வடக்கே ஓடிக் கொலம்பியாப் பேராற்றில் கலக்கும் சிற்றாறு ஒன்றுண்டு. அதன் பெயர் ஈகிள் கிரீக்; 'கழுகு ஓடை' என்பது பொருள். மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், நகர மக்கள் விடுமுறை நாள்களில் அங்குத் திரளாக வந்தனர். 1916-ஆம் ஆண்டில் வனத்துறையினர் அவர்களுக்காக ஓடைக்கரையில் மேசைகளும் கழிப்பிடங்களும் கொண்ட முகாம் திடல் ஒன்றை அமைத்தனர். வனத்துறை கட்டிய முதல் முகாம் திடல் இதுவே என்பர்.

நாளடைவில் நாடெங்கும் இத்தகைய திடல்கள் பெருகின. அவற்றில் நிழல் தந்த மரங்கள் வாடலாயின. தாவர நோய் அறிஞராகிய மைனெக்கி என்பவர் இதனை ஆராய்ந்தார். பல்லாயிரம் கால்களும் வண்டிச் சக்கரங்களும் மிதிப்பதால் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் நீரும் காற்றும் வேர்களுக்குச் செல்வதில்லை. அதனால் மரம் நலிகிறது எனக் கண்டார். வண்டி செல்ல ஒருவழிப் பாதை, அதனை நிறுத்தத் தனியிடம், கூடாரத்திற்கும் அடுப்பிற்கும் மேசைக்கும் நிலையான இடம் என வகுத்தால், எஞ்சிய நிலம் மிதிபடாமல் தப்பும் என்று 1932-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். முகாம் திடல்கள் இன்றும் பெரும்பாலும் இம்முறையிலேயே அமைகின்றன. ஆதலின், குறித்த இடத்தில் கூடாரமடித்தல் வெறும் கட்டளை அன்று. மரத்தின் வேரைக் காக்கும் செயலாகும்.

கால் மிதியினும் கொடியது நெருப்பு. முகாமில் மூட்டிய தீயை விட்டு அகலுமுன் அதன்மேல் நீரூற்ற வேண்டும். சாம்பலைக் கிளறி மீண்டும் நீரூற்ற வேண்டும். கையால் உணர்ந்து, சிறிதும் வெப்பம் இல்லை என அறிந்த பின்னரே புறப்பட வேண்டும். கடுங்கோடையில் தீ மூட்டுவதே தடை செய்யப்படும்.

2017-ஆம் ஆண்டுக் கோடையில் மழையின்றிக் காடு காய்ந்து கிடந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள், 15 வயதுச் சிறுவன் ஒருவன் தடையை மீறி, கழுகு ஓடைப் பள்ளத்தாக்கில் பட்டாசு ஒன்றைக் கொளுத்தி எறிந்தான். காடு பற்றிக்கொண்டது. மலைப்பாதையில் சென்றிருந்த ஏறத்தாழ 150 பேர் திரும்ப வழியின்றி, இரவு முழுவதும் காட்டிலேயே தங்கினர்; மறுநாள் மீட்கப்பட்டனர். காற்றில் பறந்த பொறிகள் அகன்ற கொலம்பியா ஆற்றையும் தாண்டி எதிர்க்கரையில் தீ மூட்டின. 48,000 ஏக்கருக்கு மேல் தீக்கிரையாயிற்று. அச்சிறுவன் 1,920 மணி நேரம் பொதுப்பணி செய்யவும், 3 கோடி 60 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவும் 2018-ஆம் ஆண்டில் நீதிமன்றம் விதித்தது. அத்தொகை முழுவதையும் செலுத்தினும், பல்லாண்டு வளர்ந்த மரம் ஒன்றையேனும் அதனால் வாங்க இயலுமோ?

விருந்துக்குச் சென்ற வீட்டில் நாம் கண்டபடி நடப்பதில்லை. காட்டில் தங்குவோரும் அவ்வாறே விருந்தினர் ஆவர். மரமும் விலங்கும் அங்கு வாழ்வன. நாமோ ஓரிரு நாள் தங்கி மீள்பவர். நமக்குப் பின்னர் வருவோர்க்கும் அந்நிழல் குறையாது கிடைக்குமாறு நடந்துகொள்வதே நல்ல விருந்தினர்க்கு அழகாகும்.