கத்திரிக்கு முன் கேபினட்டைக் கவனியுங்கள்

மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கிவிடும். வீட்டிலோ கடையிலோ மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு காலைப்பொழுதைக் கேபினட்டுக்கு ஒதுக்குங்கள்.

வெயில் ஏறியதும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுகிறோம். வேண்டாம். முன்பக்க விசிறி இழுக்கும் காற்று கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் மேல் பட்டுப் பின்பக்கமாக வெளியேறுவதற்கான வழியே கேபினட்தான். திறந்து போட்டால் அந்த வழி குலையும், தூசியும் ஏறும்.

சோதனைக்கு மட்டும் திறக்கலாம். ஒரே வேலையை ஓடவிட்டு, மூடி அரை மணி, திறந்து அரை மணி பிராசஸர் வெப்பநிலையைப் பாருங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசம் என்றால் கவலையில்லை. 10 டிகிரி இறங்கினால், மூடியிருக்கையில் உள்ளே காற்றோட்டம் போதவில்லை. முன்பக்க வலை அடைத்திருக்கலாம். விசிறி திசைமாறி மாட்டப்பட்டிருக்கலாம். விசிறியின் மையத்தைத் தாங்கும் குறுக்குச்சட்டம் எந்தப் பக்கமோ, காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளிவரும். (முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் பார்க்க அழகுதான், நம் ஊர் வெயிலுக்கு வலைமுகப்பே மேல்.)

சுத்தம் செய்யுமுன் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்த தூசியைக் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் கிளறிவிட்டுப் புளோயர் பிடியுங்கள். அப்போது விசிறி இறக்கையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

பின்பக்கம் கார்டு இல்லாத இடங்களில் மூடுதகடு விழுந்திருந்தால் மாட்டிவிடுங்கள். பல்லியும் கரப்பானும் நுழைவது அந்த வழியாகத்தான். மேசையின் கதவு வைத்த அறைக்குள் கேபினட் இருந்தால் வெளியே எடுங்கள்; விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அநேகமாக எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கசியும் சிறு மின்சாரம் இறங்க வழியில்லாமல் இரும்புச் சட்டத்திலேயே நிற்கிறது. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடுவதால் இந்தத் தொல்லை கூடும். கணினியை நிறுத்தி, குழிக்குத் தண்ணீர் விடுங்கள். அப்படியும் தீராவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருப்பவர்கள் அதை இன்றே மாற்றுங்கள்.