45உம் 38உம் 4538: தரவை வாசலிலேயே பரிசோதித்தல்

நிரலாக்கம் படிக்கத் தொடங்கிய மாணவி ஒருத்தி, தன் வகுப்பின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டித் தரும் சிறிய இணையச் செயலி ஒன்றை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கு 45, கணிதத்துக்கு 38. கூட்டச் சொன்னதும் திரையில் 83 வரவேண்டும். வருவதோ 4538. கணினிக்குக் கணக்குத் தெரியாமற் போய்விட்டதா?

இல்லை. இணையப் படிவத்தில் நாம் எதைத் தட்டச்சு செய்தாலும் அது முதலில் எழுத்துச் சரமாகவே கிடைக்கிறது. 45 என்பது நமக்கு ஓர் எண். படிவத்துக்கு அது 4, 5 என்ற இரண்டு குறிகள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கூட்டல் குறி இரண்டு எண்களைக் கண்டால் கூட்டும், இரண்டு சரங்களைக் கண்டால் ஒட்டும். ஆகவே 45உம் 38உம் ஒட்டிக்கொண்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாணவி டைப்ஸ்கிரிப்ட் மொழியில்தான் எழுதியிருந்தாள். சேவையகத்தில் ஓடும் தன் செய்நிரலில், புள்ளி என்பது எண் என்று தெளிவாக அறிவித்தும் இருந்தாள். அப்படியிருந்தும் ஏன் எவரும் அவளை எச்சரிக்கவில்லை?

இதற்கு விடை காண இந்த இரு மொழிகளின் உறவைச் சற்று அறிய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் உருவாக்கினார். அவசரத்தில் பிறந்த மொழி என்பதால் அது எதையும் கண்டிப்பதில்லை. எண்ணையும் சரத்தையும் கலந்தாலும் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். செயலிகள் பெரிதானபோது இந்தத் தாராளம் தொல்லையாகியது. 2012இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், அண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் முன்னின்று உருவாக்கிய டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. இது ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் தரவு வகைகளை எழுதும் வசதியைச் சேர்த்தது. எண் வேண்டிய இடத்தில் சரத்தை வைத்தால், செய்நிரல் ஓடுவதற்கு முன்பே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.

முக்கியமான சொல் "ஓடுவதற்கு முன்பே" என்பதுதான். டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றப்படும்போது நாம் எழுதிய வகைகள் யாவும் அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஓடும் செய்நிரலில் அவற்றின் தடயமே இருக்காது. நாம் எழுதிய வரிகளுக்குள் பிழை இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் பிடிக்கும். ஆனால் நாளை காலை ஒருவர் படிவத்தில் நிரப்பி அனுப்பப்போவது என்னவென்று இன்றிரவு அதற்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தரவைப் பிரித்தெடுக்கும் கட்டளை, "இது எதுவாகவும் இருக்கலாம்" என்ற வகையையே திருப்பித் தருகிறது. அதை நாம் "இது எண்தான், நம்பு" என்று சொல்லி வைத்துக்கொள்கிறோம். டைப்ஸ்கிரிப்ட்டும் நம் சொல்லை நம்பிவிடுகிறது. அந்த மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

ஆகவே செய்நிரல் ஓடும் வேளையில், தரவு உள்ளே நுழையும் வாசலில் நின்று பரிசோதிக்க ஒன்று தேவை. அதுதான் ஸ்கீமா. உள்ளே வரும் தரவில் என்னென்ன இருக்கவேண்டும், ஒவ்வொன்றும் எந்த வகை, எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பதை எழுதிவைத்த விதித்தொகுப்பு அது. இந்தப் பரிசோதனையை நம் பாடத்தில் தரவு வலிதாக்கல் என்கிறோம்.

டைப்ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதற்குப் பரவலாகப் பயன்படுத்தும் நூலகம் ஸொட். புள்ளி ஒரு நிறைவெண், 0க்குக் குறையாது, 100க்கு மேற்படாது என்று அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். பரிசோதிக்க இரண்டு வழிகள் உண்டு. பார்ஸ் என்ற கட்டளை, தரவு பிழையென்றால் செய்நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி விதிவிலக்கை எறியும். சேஃப் பார்ஸ் என்பது நிறுத்தாமல், வெற்றியா தோல்வியா, தோல்வியென்றால் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று பட்டியலிட்டுத் தரும். மனிதர் நிரப்பும் படிவத்துக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து. இன்னொரு வசதி, ஸ்கீமாவை ஒரு முறை எழுதினால் அதிலிருந்தே டைப்ஸ்கிரிப்ட் வகையையும் ஸொட் பெற்றுத் தந்துவிடும். ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதி, பின்னர் ஓரிடத்தில் மட்டும் திருத்திவிட்டு மறந்துபோகும் வழக்கமான தவறுக்கு இடமில்லை.

ஸ்கீமாவில் சொல்லாத கட்டம் ஏதும் தரவில் வந்தால் ஸொட் அதைச் சத்தமின்றிக் கழற்றிவிடும். வேண்டுமானால் அத்தகைய தரவை முற்றாக மறுக்கச் சொல்லலாம். படிவத்தில் இல்லாத "நிர்வாகி: ஆம்" என்ற வரியைத் தானே சேர்த்து அனுப்பிப் பார்க்கும் கெட்டிக்காரரும் உலகில் உண்டு அல்லவா? இதனால்தான் உலாவியில் ஒரு தடவை பரிசோதித்தாலும் சேவையகத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். உலாவி இருப்பது அனுப்புபவரின் கையில்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. சரியான விதியை எழுதுவதுதான் கடினம். நம் எல்லோருக்கும் பழக்கமான தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய முறை வந்தது. நம் தாய்மாரிடம் பழையதும் நம்மிடம் புதியதும் இருப்பதால் ஸ்கீமா இரண்டையும் ஏற்கவேண்டும். புதிய முறையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. ஜனவரி 20ஆம் திகதி என்றால் 020. ஆனால் பெண்களுக்கு இந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். 2009 ஜனவரி 20இல் பிறந்த ஆணின் இலக்கம் 2009020 என்றும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 2009520 என்றும் தொடங்கும்.

இதை அறியாத ஒருவர் ஸ்கீமா எழுதுகிறார். ஆண்டுக்கு 366 நாட்களுக்கு மேல் இல்லை. ஆகவே நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் 001 முதல் 366 வரை இருக்கவேண்டும் என்று விதிக்கிறார். கேட்க நியாயமாகவே இருக்கிறது. தன் அட்டையையும் நண்பர்கள் இருவரின் அட்டைகளையும் போட்டுப் பார்க்கிறார், மூவரும் ஆண்கள், பிழையின்றி ஓடுகிறது. செயலி வெளியாகிறது. நாட்டில் உள்ள எந்தப் பெண்ணும் அந்தப் படிவத்தைத் தாண்ட முடியாது! 501 முதல் 866 வரையும் ஏற்கவேண்டும் என்ற ஒரு வரி விடுபட்டதன் விளைவு இது. நம் கல்லூரியிலிருந்து மென்பொருட் துறைக்குப் பலர் போகவேண்டும் என்று நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேசையில் ஒரு பெண் இருந்திருந்தால் தன் அட்டையைப் போட்டுப் பார்த்திருப்பாள்.

தொலைபேசி இலக்கத்தில் வேறொரு பொறி. பெயரிலேயே இலக்கம் இருப்பதால் அதை எண் வகையாக அறிவிக்கத் தோன்றும். எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை. எனவே 07இல் தொடங்கும் பத்து இலக்கம் ஒன்பதாகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது சரமாகவே இருக்கட்டும்.

மீண்டும் புள்ளிக்கு வருவோம். படிவத்திலிருந்து சரமாக வரும் 45ஐ எண்ணாக மாற்றிவிட்டுப் பரிசோதிக்க ஸொட்டில் ஒரு குறுக்குவழி உண்டு. அதைப் பயன்படுத்தினால் 4538 தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றும்போது 0 என்று தருகிறது. காய்ச்சலால் பரீட்சைக்கு வராத பிள்ளையின் கட்டத்தை வகுப்பாசிரியை வெறுமையாக விடுகிறார். குறுக்குவழி அதைப் பூச்சியமாக்குகிறது. 0 என்பது 0க்கும் 100க்கும் உட்பட்ட நிறைவெண்தான். ஸ்கீமா அதை வரவேற்று உள்ளே விடுகிறது. பிள்ளையின் சராசரி சரிகிறது, அறிக்கை வீட்டுக்குப் போகிறது. எழுதாதவளும் எழுதி ஒன்றும் பெறாதவளும் ஒருத்தி அல்ல. ஆகவே வெறுமையை முதலில் தனியே பிரித்து, "சமுகமளிக்கவில்லை" என்று பதிந்த பின்னரே எண்ணாக மாற்றவேண்டும்.

பெயர்கள் இன்னும் சிக்கலானவை. ஒரு தடவை இணையப் படிவம் ஒன்றில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம் என்றிருந்தது. நம்மவரில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். வேறு வழியின்றி வாப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். சில நாட்களில் வந்த மின்னஞ்சல் என்னை வாப்பாவின் பெயரால் விளித்திருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெயர் பொருந்தவில்லை என்று கடவுச்சீட்டுக் கருமபீடத்தில் நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

தமிழில் பெயர் எழுதினால் என்னவாகும்? பாத்திமா என்ற பெயரில் பா, த், தி, மா என நான்கு எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 8 என்று சொல்லும். யூனிகோட் முறையில் அரவும் விசிறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஆங்கில நெடுங்கணக்கை மட்டும் ஏற்கும் விதி தமிழ்ப் பெயரை முழுதாக மறுக்கும். "எந்த மொழியின் எழுத்தையும் ஏற்றுக்கொள்" என்று தாராளமாக எழுதினாலும் பாத்திமா உள்ளே போகமாட்டாள். யூனிகோட்டின் பிரிவில் ப எழுத்து; அதன் அரவு எழுத்தன்று, குறி. எழுத்தையும் குறியையும் சேர்த்தே அனுமதிக்கவேண்டும். மெய்யும் உயிர்மெய்யும் இலக்கண வகுப்போடு முடிந்துவிட்டன என்று நினைத்திருப்போருக்கு இது ஒரு சிறு செய்தி.

ஸ்கீமாவால் முடியாததும் உண்டு. ஒருவர் தன் அட்டைக்குப் பதிலாக அயலவரின் அட்டை இலக்கத்தைத் தந்தால் அமைப்புச் சரியாகவே இருக்கும், ஸ்கீமா மறுக்காது. அது பார்ப்பது வடிவத்தை, உண்மையை அல்ல. ஹதீஸ் கலை பயிலும் மாணவியர் அறிவிப்பாளர் வரிசையான ஸனதையும் செய்தியின் உள்ளடக்கமான மத்னையும் வெவ்வேறாக ஆராய்வதைப் படித்திருப்பார்கள். இங்கும் அப்படித்தான், ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறியதாகாது. இலக்கம் உண்மையில் அவருடையதுதானா என்பதை அறிய வேறு சான்று வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. கல்லூரி நூலகத்தில் புத்தகம் இரவல் தரும் பதிவேட்டுக்கு ஒரு ஸ்கீமா எழுதுங்கள். சுட்டிலக்கம், பெயர், வகுப்பு, புத்தகம், இரவல் பெற்ற திகதி, திருப்பித் தரவேண்டிய திகதி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம். இரண்டாவது திகதி முதலாவதற்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்பதை ஸொட்டின் ரிஃபைன் கட்டளையால் எழுதலாம். எழுதி முடித்ததும் தமிழில் பெயர் எழுதியவள், ஒற்றைப் பெயர் மட்டும் உடையவள், வீட்டில் தொலைபேசியே இல்லாதவள் ஆகிய மூவரின் தரவையும் போட்டுப் பாருங்கள். மூன்றாமவளின் கட்டம் வெறுமையாக இருக்கலாமா, கட்டாயமா, கட்டாயமென்றால் அவள் புத்தகத்துக்கு என்ன செய்வாள்? ஸொட் இதற்கு விடை சொல்லாது. நூலகப் பொறுப்பாசிரியையிடம்தான் கேட்கவேண்டும்.