தனியா ஒரு வீடு எடுக்கப் போறீங்களா? வாடகைக்கு முன்னாடி அட்வான்ஸைக் கணக்குப் போடுங்க!

ராஜா அண்ணாமலைபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆபீஸ் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு எடுத்து, யார் தொந்தரவும் இல்லாமல் தனியாக இருக்கலாம் என்று ஆசை. நடக்கிற தூரத்தில் கிரீன்வேஸ் சாலை ரயில் நிலையம். வீடும் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்கிறார்: "வாடகை பதினெட்டாயிரம், மெயின்டெனன்ஸ் தனி. அட்வான்ஸ் பத்து மாசம் தம்பி. இந்த ஏரியாவுல எல்லாருக்கும் இதான்."

இந்த இடத்தில் பலர் வாடகையைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். தனியாக வாழ்பவரின் நிம்மதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அட்வான்ஸ் தொகையும், அதைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நாலு வரியும்தான். எப்படி என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பாடம் 1: மாதக் கணக்கு

கையில் வரும் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

வாடகை 18,000
மெயின்டெனன்ஸ் 1,500
கரண்ட் பில் (மாதத்துக்கு) 700
குடிநீர் கேன் 400
கேஸ் 500
போன், இன்டர்நெட் 900
மொத்தம் 22,000

ஆக, "பதினெட்டாயிரம் வாடகை" என்பது உண்மையில் 22,000. சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கே போய்விட்டது. மீதி 18,000-இல் சாப்பாட்டுக்கு 8,000, போக்குவரத்துக்கு 1,500, ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000 போனால் கையில் நிற்பது 3,500.

இரண்டு பேர் சேர்ந்து இருந்தால் வாடகை, இன்டர்நெட் எல்லாமே பாதியாகும். தனியாக இருப்பவருக்குப் பங்கு போட ஆள் இல்லை. ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் போனாலும் தாங்குவதற்கு இந்த 3,500 மட்டும்தான்.

பாடம் 2: குடியேறும் நாள் கணக்கு

பத்து மாத அட்வான்ஸ் 1,80,000. முதல் மாத வாடகை 18,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. மொத்தம் 2,16,000 ரூபாய்.

இதே வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ் என்றால் 54,000. மற்ற இரண்டையும் சேர்த்தால் 90,000. வித்தியாசம் 1,26,000 ரூபாய்!

மாதம் 3,500 மிச்சம் பிடிப்பவர் 1,80,000 சேர்க்க நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் பலர் கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். பிறகு வாடகையோடு வட்டியும் சேர்ந்துகொள்கிறது. காலி செய்யும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பி வருமா என்ற கவலை வேறு.

பாடம் 3: சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் நமக்கு முக்கியமானவை:

1. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட்டால் அதுவே செல்லும். அதாவது, பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சட்டப்படி மூணு மாசம்தானே" என்று பிறகு கேட்பது கஷ்டம். பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிடுங்க.

2. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

3. "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவோம்" என்பது சென்னையில் சகஜமாகக் கேட்கிற பேச்சு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்ற சின்ன வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு.

4. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

5. வாடகை வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வாடகையை ஒழுங்காகக் கட்டுவது உங்கள் கடமை. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகிவிடும்.

பாடம் 4: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்

"பதினோரு மாசம்தானே, ரிஜிஸ்டர் எல்லாம் வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். கையெழுத்தான 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு அலுவலகம் அலைய வேண்டியதில்லை. டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதி, இருவரின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். உரிமையாளர் சேர்ந்து விண்ணப்பிக்க முன்வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். தனி ஆளாக இருப்பவருக்குப் பக்கபலமாக நிற்பது இந்தப் பதிவுதான்.

பாடம் 5: சாவி வாங்கும் நாளில்

- காலி வீட்டைச் சுவர், தரை, குழாய், ஃபேன் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. காலி செய்யும்போது "இந்த விரிசல் முன்னாடி இல்லையே" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.
- அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீங்க.
- தனி மின் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின் இணைப்பு எண்ணை வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை நீங்களே ஆன்லைனில் கட்டலாம். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதன் பலனும் நேராக உங்களுக்கே வரும். இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால், யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்படியும் கட்டுப்படி ஆகலையா?

ராஜா அண்ணாமலைபுரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிரீன்வேஸ் சாலையிலிருந்து பறக்கும் ரயில் கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி, பெருங்குடி வழியாக வேளச்சேரி போகிறது. இந்தத் தடத்தில் நாலைந்து நிலையம் தள்ளிப் பாருங்கள். வாடகையில் 5,000 ரூபாய் குறைந்தால், மேலே சொன்ன கணக்கில் மிச்சம் 3,500 என்பது 8,500 ஆகும். அதில் கொஞ்சம் ரயில் சீசன் டிக்கெட்டுக்குப் போகும், அவ்வளவுதான். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம்.

வேலைக்குப் போகும் பெண்கள், அட்வான்ஸ் சேரும் வரை தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளைப் பார்க்கலாம். அடையாறிலும் ஒன்று இருக்கிறது. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இன்றைய பயிற்சி

மொபைலில் மூன்று எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கான மாத மொத்தச் செலவு, குடியேறும் நாளில் கையிலிருந்து போகும் தொகை, அது திரும்பி வருவதற்குள் அவசரம் வந்தால் கையில் இருக்கும் பணம். மூன்றாவது எண் பூஜ்யம் என்றால் அந்த வீட்டுக்கு இப்போது சரி சொல்லாதீர்கள். அட்வான்ஸைக் குறைத்துக் கேளுங்கள். "சார், மூணு மாசம் தர்றேன். ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிக்கலாம், ரெண்டு பேருக்குமே பாதுகாப்பு" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. பத்து மாதம் கேட்டவர் ஐந்துக்கு இறங்கி வந்தாலும், இந்தக் கணக்கில் 90,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கும்.