நுரையீரல் கட்டிகளுக்கு அப்லேஷன்: சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

குடல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, அங்கே சில சிறு கட்டிகளாக மட்டும் இருக்குமானால், அவற்றைச் சுட்டழிக்கும் அப்லேஷன் சிகிச்சையைச் சிலருக்குப் பரிந்துரைக்கிறோம். சி.டி. ஸ்கேன் படத்தின் துணையுடன் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ வெப்பமூட்டுகிறோம். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் இது நன்கு பயனளிக்கிறது.

ஊசி நுரையீரலைத் துளைத்தே செல்வதால், காற்று கசிந்து நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தேங்குவதே மிகுதியாகக் காணப்படும் சிக்கல். நியூமோதோராக்ஸ் என்பது இதுவே. நெடுங்காலம் புகைபிடித்து நுரையீரல் நலிந்தவர்களுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். சிறு கசிவு பெரும்பாலும் தானே சரியாகிவிடும். காற்று மிகுந்தால் சில நாட்கள் மார்பில் குழாய் பொருத்துவோம். குழாயைக் கண்டதும் உறவினர்கள் கலங்குவதுண்டு. அது சிகிச்சை தோற்றதன் அடையாளமன்று; தேங்கிய காற்றை வெளியேற்றும் வழி மட்டுமே.

வீடு திரும்பிய பின்னரும் கசிவு தோன்றக்கூடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். திடீர் மூச்சுத்திணறலோ மார்புவலியோ ஏற்பட்டால், நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். எங்கள் அனுமதியின்றி விமானப் பயணம் வேண்டா.

முதல் சில நாட்களில் இலேசான காய்ச்சலும் அசதியும் சளியில் சிறிது இரத்தக் கறையும் இருக்கலாம்; வெந்த திசுவுக்கு உடல் காட்டும் எதிர்வினை இது. ஆனால் குளிர்நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், துர்நாற்றமுள்ள சளி, புதிய இரத்தம் மிகுந்து வருதல் ஆகியவை வேறு வகை. சீழ்க்கட்டியோ இரத்தக்கசிவோ இருக்கக்கூடுமாதலால் உடனே பார்க்க வேண்டும். நரம்பு பாதிப்பு, மூச்சுக்குழலிலிருந்து ஓயாத காற்றுக்கசிவு போன்றவை அரியவை.

பலரை அச்சுறுத்துவது முதல் ஸ்கேன் அறிக்கை. முன்பு 1.5 சென்டிமீட்டராக இருந்த இடம் ஒரு மாதத்திற்குப் பின் 3 சென்டிமீட்டராகக் காட்டலாம். நோய் வளர்ந்துவிட்டதென்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஒரு விளிம்பை நாங்கள் வேண்டுமென்றே சுடுகிறோம்; படத்தில் தெரிவது அந்த வெந்த பரப்பு. பின்வரும் மாதங்களில் அது சுருங்கித் தழும்பாகும். ஆகவே அடுத்தடுத்த படங்களைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் படத்துடனேயே ஒப்பிடுகிறோம். சுருங்கிய பின் மீண்டும் பெருகினாலோ, ஓரத்தில் புதிய முடிச்சு தோன்றினாலோதான் ஐயுறுகிறோம்.

வேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அப்லேஷன் செய்த தேதியையும் எந்தப் பக்க நுரையீரல் என்பதையும் அங்குள்ள மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.